மூவர் என்னுஞ் சொல்லும் இல்வாழ்வானின் கடனும்

தமிழில் எண்ணடியாகப் பிறந்த உயர்திணைப் பெயர்களைத் தொல்காப்பிய உரையாசிரியர் எண்ணியற் பெயர் என்பர். ஒருவர், இருவர், மூவர், முப்பத்துமூவர் என அவை விரியும். இவற்றுள் இருவர் என்னுஞ் சொல்லைக் கேட்டவன் இன்னார் இருவர் என்று தானே ஊகித்துக்கொள்வதில்லை. ஐவர் என்றாற் பாண்டவரை நினைப்பான். நால்வர் என்றாற் சைவன் சமயகுரவரை நினைப்பான். மூவர் என்பதோ கேட்போர்க்கேற்பப் பொருள் மாறும் இயல்பினது. சரித்திரம் படிப்பவனுக்குச் சேர சோழ பாண்டியர். புராணங் கேட்பவனுக்கு அயன், அரி, அரன். தேவாரம் ஓதுபவனுக்குச் சம்பந்தர், அப்பர், சுந்தரர். வைணவனுக்குப் பொய்கையார், பூதத்தார், பேயார் என்னும் முதலாழ்வார். இசையிலே பயின்றவனுக்குத் திருவாரூரிற் பிறந்த சங்கீத மும்மூர்த்திகள், அன்றி முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப்பிள்ளை என்னுந் தமிழிசை மூவர். சொல் ஒன்றே. அது தருவது எண்ணும் உயர்திணைப் பன்மையுமேயன்றி வேறில்லை. ஆளை உணர்த்துவது அடையோ, இடமோ, கேட்போன் நெஞ்சில் முன்னரே குடிகொண்ட பழக்கமோ ஆகும்.

அடையும் இடமும் உணர்த்துங்கால் இடர்ப்பாடில்லை. பழக்கம் உணர்த்துங்காலே இடர் தோன்றும். உரையாசிரியர் ஒருவர் தம் காலத்துப் பழக்கத்தைக்கொண்டு முன்னோர் நூலிலுள்ள மூவரை இன்னார் எனத் துணிவராயின், அத்துணிபு அந்நூலின் பொருளாகவே பின்னோர்க்கு வந்துவிடும். வகுப்பறையில் மாணவன் மனப்பாடஞ் செய்வதும் அதனையே.

சங்க நூல்களில் மூவர் என்பது பெரும்பாலும் முடியுடை வேந்தரையே குறிக்கும். பறம்பை முற்றிய வேந்தரை நோக்கிக் கபிலர் பாடிய புறநானூற்று 109, 110 ஆம் பாட்டுக்களில் அது முன்னிலையாகி மூவிர் என நிற்கின்றது. எதிர்நின்று இடித்துரைப்பார் வாயில் இவ்வெண்ணுப்பெயர் பெறும் வலிமை தனியே நோக்கத்தக்கது: மூன்று பேரரசரும் ஒருங்கு கூடியும் ஒரு சிற்றரசனை வெல்லமாட்டாமையை அவ்வொரு சொல்லே காட்டிவிடுகிறது. அதே நூலின் 367 ஆம் பாட்டிலே ஒளவையார் சேரமான் மாரி வெண்கோவும், கானப்பேர் தந்த உக்கிரப்பெருவழுதியும், இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் ஓரிடத்து ஒருங்கிருக்கக் கண்டு, வேள்வி செய்வோர் வளர்க்கும் முத்தீயோடு அவரை ஒப்பிடுகிறார். ஒரு மும்மைக்கு மற்றொரு மும்மை உவமையாயிற்று. மூவேந்தர் பகையின்றி ஒருங்கிருந்த காட்சி அருமையுடையதாகலின், அவ்வருமையே பாட்டுக்குப் பொருளாயிற்று என்க.

சைவத் திருமுறைகளில் வரும் மூவரோ வேறு. படைத்தல், காத்தல், அழித்தல் என்னுந் தொழில்களை இயற்றும் தேவர் அவர். மணிவாசகர் திருப்பள்ளியெழுச்சியிலே அம்மூவரும் இறைவனை அறியமாட்டார் என்கின்றார். அரனும் அம்மூவருள் ஒருவனாயின் அவன் தன்னைத் தானே அறியானோ என்று மாணவர் வினாவுவதுண்டு. மூவருள் ஒருவனாகிய உருத்திரன் வேறு, மூவர்க்கும் மேலாகிய பரசிவன் வேறு என்னுஞ் சித்தாந்தக் கொள்கையை அறியாதார்க்கு அப்பாட்டு முரணாகவே தோன்றும். அம்மணிவாசகர்தாமும் தேவார மூவருட் சேராதவர், அறுபத்துமூவருள்ளும் எண்ணப்படாதவர். நால்வர் என்னுந் தொகை ஏற்பட்ட பின்னரே அவர்க்குத் திருக்கோயில்களில் மற்றை மூவரோடு ஒருங்கு நிற்கும் இடம் வாய்த்தது. முதலாழ்வார் வரலாறு இதனினும் சுவையுடையது. திருக்கோவலூரில் மழையிருளில் ஓர் இடைகழியிலே ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவுமே இடமிருந்தது என்றும், அங்கே நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்கினார் என்றும், அவர் திருமாலே என உணர்ந்து மூவரும் அந்தாதி பாடினர் என்றும் வைணவ மரபு கூறும்.

மூவர் ஒருகாலத்தார் ஆகவேண்டும் என்பதுமில்லை. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் வருவோர் விக்கிரமனும், அவன் மகன் இரண்டாங் குலோத்துங்கனும், அவன் மகன் இரண்டாம் இராசராசனும் ஆவர். ஒருவன் பின் ஒருவனாக அரியணை ஏறியவர் புலவரின் நீண்ட வாழ்நாளால் ஒருங்கு தொகுக்கப்பட்டனர். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கொடும்பாளூர் மூவர் கோயிலின் மூவரோ கணவனும் மனைவியரும். இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் அமைத்தவை அக்கோயில்கள். அவற்றுள் இரண்டே நிலைத்து நிற்கின்றன. மூன்றாவது அடித்தளத்தளவாய் எஞ்சியது. ஆயினும் பெயர் மூவர் கோயிலே.

இவற்றிலெல்லாம் ஐயம் எழுதற்கு இடமில்லை. நல்லாதனாரின் திரிகடுகத்திலும் ஐயமில்லை. அங்கே புலவர் மூன்று பேரை முன்னே கூறி, இம்மூவர் எனப் பின்னே சுட்டித் தொகுக்கிறார். பெயர் கூறாது எண்ணை மாத்திரம் கூறிய இடங்களே ஆராய்ச்சிக்குரியன.

தொல்காப்பியக் கற்பியலிலே, மேலோர் மூவர்க்கு விதித்த கரணம் கீழோர்க்கு உரியதாய காலமும் உண்டு என்னுங் கருத்துடைய சூத்திரம் ஒன்றுண்டு. இளம்பூரணர் அம்மூவரை அந்தணர், அரசர், வணிகர் எனக் கொண்டு, கீழோரை வேளாண்மாந்தர் என்பர். நச்சினார்க்கினியரும் அவ்வழியினரே. பிற்கால ஆராய்ச்சியாளருட் சிலர் இதனை ஒவ்வாது, மேலோர் மூவர் என்றது மூவேந்தரையே என்றும், கீழோர் அவர்தங் குடிகள் என்றும் உரைப்பர். அதற்கு அவர் காட்டும் சான்று செய்யுளியலில் உள்ளது. அங்கே யாப்பு வழங்கும் நிலத்தின் எல்லையைக் கூறுமிடத்தில், வண்புகழ் மூவர் எனத் தொல்காப்பியர் மூவேந்தரை ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கிறார். ஒரு நூலார் ஒரு சொல்லை ஓரிடத்து ஒரு பொருளில் ஆண்டால், மற்றோரிடத்தும் அப்பொருளே கொள்க என்பது அவர் வாதம்.

இவ்வாதம் கேட்டற்கு இனிதாயினும் முற்றும் நிறைவுடையதன்று. செய்யுளியலில் மூவர் வேந்தர் என்பது அச்சொல்லால் விளங்கவில்லை. வண்புகழ் என்னும் அடையாலும், அவர்தம் நிலவரைப்பு என்னும் இடத்தாலுமே விளங்குகின்றது. கற்பியலில் அடை மேலோர் என்பது. இடம் திருமணச் சடங்கு. முடியுடை வேந்தர் மூவர்க்கெனத் தனிக்கரணம் ஒன்று இருந்ததாகத் தொல்காப்பியம் யாண்டுங் கூறவில்லை. எனினும் உரையாசிரியர் கொள்கையை உறுதிப்படுத்துஞ் சொல்லும் அச்சூத்திரத்தில் இல்லை. 1885 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய பின்னர், மூலத்தைப் பயில்வோர் அவ்வுரை வழியே பயில்வாராயினர். பெரும்பயன் விளைத்த அப்பதிப்பு, மூலத்தினின்று உரையைப் பிரித்து நோக்கும் பொறுப்பைப் படிப்போரிடமே விட்டது.

இவ்விரு வழக்கினும் மேலாக ஆராய்தற்குரியது திருக்குறள் 41 ஆம் பாட்டு. இல்வாழ்க்கை அதிகாரத்தின் தொடக்கத்திலே, இல்வாழ்வான் என்பவன் இயல்புடைய மூவர்க்கும் நல்லாற்றில் நின்ற துணை ஆவான் என்கின்றார் வள்ளுவர். இம்மூவர் யாவர் என்பதைப் பொறுத்தே இல்லறத்தான் கடன் எத்துணை விரிவுடையது என்பது துணியப்படும். அன்றியும், இச்சொல்லை வள்ளுவர் பிறிதோரிடத்தும் ஆண்டுள்ளார். ஒற்றாடல் அதிகாரத்து 589 ஆம் பாட்டிலே, ஒருவரை ஒருவர் அறியாத ஒற்றர் மூவர் கூறும் செய்தி ஒத்தவிடத்து அதனை அரசன் தெளிக என்கிறார். அங்கே மூவர் ஒற்றர் என்பதில் எவருக்கும் மயக்கமில்லை. அதிகாரமே அதனைக் காட்டுகிறது. 41 ஆம் பாட்டில் அதிகாரம் அவ்வாறு காட்டவில்லை.

பரிமேலழகர் இம்மூவரை ஏனை மூன்று ஆச்சிரமத்தாராகக் கொண்டார்: ஆசிரியனிடத்தே ஓதி விரதங் காக்கும் பிரமசாரி, மனையாள் வழிபட வனத்தே தவஞ்செய்வோன், முற்றத் துறந்தோன் என்போர். பசி, நோய், குளிர் முதலியவற்றால் அவர் நெறிக்கு இடையூறு வாராமல் உண்டியும் மருந்தும் உறையுளும் உதவுதலின் இல்வாழ்வான் துணை எனப்பட்டான் என்பது அவர் விளக்கம். இவ்விளக்கம் அழகுடையது, துணை என்னுஞ் சொல்லின் பொருளை இதனினுந் தெளிவாக உரைத்தார் பிறரிலர். வடமொழிச் சான்றும் இதற்கு உண்டு. மனுநூல் மூன்றாம் அத்தியாயத்திலே, மற்றை ஆச்சிரமத்தார் மூவரையும் அறிவாலும் அன்னத்தாலும் நாடோறும் தாங்குபவன் இல்லறத்தான் ஆகலின் அவன் நிலையே சிறந்தது எனக் கூறப்பட்டுள்ளது. எண்ணும் ஒக்கின்றது; கருத்தும் ஒக்கின்றது. 1886 இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும் பரிமேலழகர் வழியிலேயே மொழிபெயர்த்தார்.

ஆயினும் அவ்வுரையாசிரியர்தாமே தம் உரையில் ஓர் ஐயத்தை வெளிப்படுத்தியுள்ளார். மூவருள் முதல் இருவரையும் வள்ளுவர் பிறர் மதம் மேற்கொண்டு கூறினார் என்று குறிப்பெழுதுகிறார். நூலின் முகப்பிலே அவர் எழுதிய பாயிரவுரையும் இத்துடன் சேர்த்து நோக்கற்பாலது. ஒழுக்கம் நால்வகை நிலைத்தாய் வருணந்தோறும் வேறுபடுதலின், அச்சிறப்பியல்புகளை ஒழித்து, எல்லார்க்கும் ஒத்த பொதுவியல்பு பற்றி இல்லறம், துறவறம் என இருவகையாலேயே வள்ளுவர் அறத்தைக் கூறினார் என்பது அவர் கருத்து. நால்வகை நிலையை ஒழித்த ஆசிரியர், இல்லறவியலின் முதற்பாட்டிலேயே அதனை மீட்டும் புகுத்துவானேன்? பரிமேலழகர்க்கு இவ்வினா எழாமல் இருந்திருக்க முடியாது. பிறர் மதம் என்ற குறிப்பு அவ்வினாவுக்கு அவர் இறுத்த விடை போலும்.

இருபதாம் நூற்றாண்டில் வேறோர் உரை பெருவழக்காயிற்று. பெற்றோர், மனைவி, மக்கள் என இயற்கையால் அமைந்த மூவரே அம்மூவர் என்பது அது. மு. கருணாநிதி அவர்கள் உரை இக்கருத்தினது. சாலமன் பாப்பையா அவர்கள் மனைவியைத் துணையாக உடன்கூட்டி, பிள்ளைகள், பெற்றோர், உறவினர் எனச் சிறிது மாற்றி உரைப்பர். ஆச்சிரமப் பிரிவை வள்ளுவர்மேல் ஏற்றாமை இவ்வுரைகளின் நன்மை. எளிமையும் ஒரு நன்மையே. மாணவர் இதனை விரும்பிக் கற்பதும் அதனாலேயே.

எளிமையாவது அன்றிப் பிற காரணம் நோக்கின் இவ்வுரை நிற்குமாறு அரிது. இயல்பு என்பதை இரத்தத் தொடர்பு எனக் கொண்டாலன்றி இப்பொருள் வாராது. அதே அதிகாரத்து 47 ஆம் பாட்டிலே, இயல்பினால் இல்வாழ்க்கை வாழ்பவன் முயல்வார் எல்லாருள்ளும் தலையானவன் என்று வருகின்றது. அங்கே இயல்பு அறத்தின் இயல்பே, உறவன்று. ஐந்து பாட்டு இடையிட்டு ஒரே சொல் இருவேறு பொருள் தருமெனக் கொள்வதற்குத் தக்க காரணம் வேண்டும், அது காட்டப்படவில்லை. சுற்றத்தை வள்ளுவர் மறந்தாருமல்லர். 43 ஆம் பாட்டிலே தென்புலத்தார், தெய்வம், விருந்து, தான் என்பவற்றோடு ஒக்கலையும் எண்ணி, அனைவர்க்கும் கடன் செய்தலைக் கூறிவிட்டார். மனைவியோ அடுத்த அதிகாரத்தில் வாழ்க்கைத் துணையாகவே போற்றப்படுகின்றாள். இல்லறத்தை உடனிருந்து நடத்துபவளை, அவ்வறத்தினாற் காக்கப்படுவோர் வரிசையில் வைத்தல் அவளுக்கும் சிறப்பன்று; நூலுக்கும் பொருத்தமன்று.

இதனினும் பெரிய குறை ஒன்றுளது. தன் தாய் தந்தையரையும் மனைவியையும் மக்களையும் ஊட்டிக் காத்தல் எவனும் செய்வது. விலங்கும் பறவையுங்கூடத் தம் குஞ்சுகளைக் காக்கின்றன. இல்வாழ்க்கையை ஓர் அறமாக்கித் துறவறத்தோடு ஒப்ப வைக்கும் நூல், அதன் தொடக்கத்தில் ஒருவன் கடனைத் தன் மதிலுக்குள்ளே அடக்கிவிட்டு, அதனையே துணை என்று புகழ்ந்திருக்குமோ? பரிமேலழகர் உரையிற் சாதியாசாரச் சாயல் உண்டு என்று அதனை நீக்கப் புகுந்தவர், அச்சாயலோடு அவ்வுரையிலிருந்த ஈகையின் விரிவையும் ஒருங்கே நீக்கிவிட்டனர். ஆச்சிரமத்தார் மூவரும் இல்வாழ்வானுக்கு உறவினரல்லர். அவன் வாயிலில் வந்து நிற்கும் பிறர். அப்பிறர்க்குத் துணையாதலே அறம் என்னும் உள்ளக்கிடை அவ்வுரையில் இருந்தது.

இனி, 42 ஆம் பாட்டை 41 ஆம் பாட்டோடு சேர்த்து நோக்குக. துறந்தார், துவ்வாதவர், இறந்தார் என மூவரை எண்ணி, அவர்க்கு இல்வாழ்வான் என்பவன் துணை என்கின்றது அது. இரு பாட்டிலும் இல்வாழ்வான் என்பான் என்னுந் தொடர் உண்டு. இரண்டும் துணை என்றே முடிகின்றன. எண்ணும் மூன்றே. இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை.

பரிமேலழகர் 42 இல் துறந்தார் என்பதற்குத் துறவியர் எனப் பொருள் கூறவில்லை. களைகணாவாரால் துறக்கப்பட்டார், அதாவது ஆதரவாரால் கைவிடப்பட்டார் என்றார். இறந்தார் என்பதற்கும் பொதுவாக இறந்தோர் என்னாது, ஒருவருமின்றித் தன்னிடத்து வந்து இறந்தார் என்றார். காரணம் வெளிப்படை. துறவியர் 41 ஆம் பாட்டிலேயே அடங்கிவிட்டனர். பிதிரர் 43 ஆம் பாட்டில் வர இருக்கின்றனர். கூறியது கூறல் நூற்குற்றம் பத்தினுள் ஒன்று. அக்குற்றம் வள்ளுவரைச் சாராமற் காக்கும்பொருட்டு, நடுவிலுள்ள பாட்டின் சொற்கள் இருபுறமும் நெருக்குண்டன. மூன்றும், மூன்றும், ஐந்துமாகப் பதினொரு கடன் அவர் உரையில் தேறுகின்றன. ஒன்றும் மீண்டு வரவில்லை. உரைத்திறன் வியக்கத்தக்கதே.

ஆனால், துறந்தார் என்னும் பெயரைக் கைவிடப்பட்டார் என்னும் பொருளில் வள்ளுவர் வேறெங்கே ஆண்டார்? 22 ஆம் பாட்டில் துறந்தார் பெருமை கூறப்படுகிறது, அவர் முனிவர். 159 இல் துறந்தாரின் தூய்மை கூறப்படுகிறது, அவரும் முனிவர். 263 இல் துறந்தார்க்கு வேண்டுவன உதவும் விருப்பினாலோ மற்றையோர் தவத்தை மறந்தனர் என வினாவப்படுகிறது, அவரும் முனிவரே. 276 இல் போலித் துறவியைக் கண்டிக்குமிடத்தும், 586 இல் ஒற்றன் கொள்ளும் வேடங் கூறுமிடத்தும் பொருள் வேறில்லை. சினத்தைத் துறந்தாரைச் சொல்லும் 310 ஆம் பாட்டிலும், அவர்க்கு ஒப்பாகக் கூறப்பட்ட துறந்தார் முனிவரே. இன்னும் நுட்பமாக நோக்கின், துறந்தார், இறந்தார் என்னும் இரண்டும் எதுகையாய் இணைந்து வருதல் 42 இல் மாத்திரமன்று. 22, 159, 310 ஆகியவற்றிலும் உண்டு. அவற்றுள் இறந்தார் என்பது ஓரிடத்து மாண்டோரையும், ஓரிடத்து வரம்பு கடந்தோரையும் குறித்துப் பொருள் மாறுகின்றது. துறந்தார் என்பதோ மாறவில்லை. இவ்விடங்களில் அச்சொல்லுக்கு நிலைத்த பொருள் ஒன்றே என்பது இதனாற் பெறப்படும். பரிமேலழகரே அவ்விடங்களிற் பெரும்பாலும் முனிவர் என்றே கொண்டு, 42 இல் விலகினார். விலகச் செய்தது அவ்விடத்துச் சொல்லன்று. மேற்பாட்டில் மூவர் என்பதற்கு அவர் முன்னரே தந்த பொருளே.

ஆகவே 41 ஆம் பாட்டில் தொகுத்துக் கூறிய மூவரை 42 ஆம் பாட்டு விரித்துக் கூறிற்று எனக் கொள்ளுதலே நூலின் சொற்களுக்குக் குறைந்த இடர் விளைக்கும் வழியாகும். துறந்தார் துறவியர், துவ்வாதவர் வறியர், இறந்தார் குடியின் முன்னோர். இவர் மூவரும் தமக்கெனத் தேட மாட்டாதவர். முதல்வர் தேடுதலை விட்டவர். நடுவணவர் தேடியும் பெறாதவர். இறுதியினர் தேடும் உடம்பே இல்லாதவர். இல்வாழ்வான் ஒருவனே தேடுபவன் ஆகலின், அவன் அவர்க்குத் துணையாயினான். ஆச்சிரமத்தை இழுத்து வருதலும் வேண்டா. ஈகையின் விரிவைக் குறைத்தலும் வேண்டா. துணை என்பதற்குப் பரிமேலழகர் கூறிய உண்டியும் மருந்தும் உறையுளும் துறவியர்க்கும் வறியர்க்கும் இனிது பொருந்தும்.

இதற்கும் தடைகள் இல்லாமலில்லை. குறள் ஒவ்வொன்றும் தனித்துப் பொருள் முடிவது. ஒரு பாட்டின் எண்ணை அடுத்த பாட்டு விரிக்கும் முறை அந்நூலுக்கு இயல்பானதன்று. தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்னும் உத்திகள் நூலோர்க்கு உடன்பாடாயினும், அவற்றை இவ்விடத்திற்கு உரியவாக்கத் துணை, இல்வாழ்வான் என்னுஞ் சொற்களின் மீட்சியே சான்று, வேறில்லை. இயல்புடைய என்னும் அடை துறவியர்க்கு எளிதிற் பொருந்தும். வறியவர்க்கும் இறந்தோர்க்கும் அதனைப் பொருத்துதல் அரிது. 47 ஆம் பாட்டிலுள்ள இயல்பைக் காட்டிச் சுற்றத்தார் உரையை மறுத்தவர், அதே இயல்பு தம் உரையையும் தாக்குதலை ஒப்பல் வேண்டும். இறந்தார் பிதிரர் எனின், அவர் 43 இல் தென்புலத்தார் என மீண்டும் வருதலையும் ஏற்றல் வேண்டும். மீண்டு வருதல் சொல்லைத் திரித்தலினும் சிறிய குற்றமே. இயல்பு என்னும் அடையின் இடரோ அவ்வாறு எளிதில் நீங்குவதன்று. 41 ஆம் பாட்டுக்கு உரை காண்போர் இனித் தொடங்கவேண்டிய இடமும் அவ்வடையே.